ஹெட்லைட்டை வீட்டிலேயே பிரிச்சு கருப்பு பெயின்ட் அடிக்கலாமா? தொடவே கூடாத அந்த ஒரு பாகம்... முழு விளக்கம்!

ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. பழைய காரின் ஹெட்லைட்டைக் கழற்றுவார்கள். சூடு காட்டி இரண்டாகப் பிரிப்பார்கள். உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பகுதிக்கு கருப்பு ஸ்பிரே அடித்து, திரும்ப மாட்டுவார்கள். அரை நிமிட வீடியோவில் கார் புது மாடல் மாதிரி ஆகிவிடும்.

நம்ம டிஎன் 55 வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாமே என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்க. பகலில் அழகாக இருக்கும் ஹெட்லைட், ராத்திரி கீரனூர் ரோட்டிலோ திருமயம் ரோட்டிலோ குறுக்கே நிற்கும் மாட்டைக் காட்டாமல் போனால் என்ன ஆகும்? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

ஹெட்லைட்டுக்குள் என்ன இருக்கிறது?

முன்னால் தெரியும் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். பின்னால் இருப்பது கருப்பு பிளாஸ்டிக் கூடு. இரண்டையும் ஒட்டி வைத்திருப்பது பியூட்டைல் எனப்படும் ரப்பர் கோந்து. சூடு பட்டால் இது இளகும். அதனால்தான் ஹெட்லைட்டைப் பிரிக்க முடிகிறது.

உள்ளே வெள்ளி நிறத்தில் தெரிவது இரண்டு வேறு பாகங்கள். ஒன்று, பல்பைச் சுற்றி கிண்ணம் போல இருக்கும் ரிஃப்ளெக்டர். இன்னொன்று, அதைச் சுற்றி அழகுக்காக வைத்திருக்கும் பார்டர். பெயின்ட் அடிப்பவர்கள் குறிவைப்பது இந்த பார்டரை மட்டும்தான். ரிஃப்ளெக்டரில் கை வைத்தால் கதை முடிந்தது.

ஏன் ரிஃப்ளெக்டரைத் தொடக் கூடாது?

பல்ப் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதைத் திரட்டி ரோட்டுக்கு அனுப்புவது ரிஃப்ளெக்டரின் வேலை. அதன் மேல் இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துணியால் அழுத்தித் துடைத்தாலே உரிந்துவிடும். விரல் ரேகை பட்டால்கூட கறை நிற்கும். அதற்கு கருப்பு அடித்தால் வெளிச்சத்தை பெயின்ட்டே விழுங்கிவிடும்.

பல பழைய கார்களில் தனி பார்டரே கிடையாது. உள்ளே பளபளப்பது மொத்தமும் ரிஃப்ளெக்டர்தான். உங்க வண்டி அந்த ரகம் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி... பிரிக்கத்தான் வேண்டுமா?

"லைட் மங்கலா இருக்கு, பிரிச்சு சரி பண்ணணும்" என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மங்கல் இருப்பது உள்ளே அல்ல, வெளியே. புதுக்கோட்டை வெயிலில் வருஷக்கணக்கில் நிற்கும் காரில், பிளாஸ்டிக்கைக் காக்கும் மேல் பூச்சு புற ஊதாக் கதிரால் தேய்ந்து மஞ்சளாகிவிடும்.

இதற்கு ஹெட்லைட்டைப் பிரிக்கவே தேவையில்லை. தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் யு.வி. கிளியர் கோட் அடிக்க வேண்டும். இந்தக் கடைசி கோட்டை விட்டால் சில மாதங்களில் பழையபடி மஞ்சள். டூத்பேஸ்ட் தேய்ப்பதும் தற்காலிகப் பளபளப்புதான்.

வீட்டில் பிரிப்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

வெளிநாட்டு வீடியோக்களில் ஹெட்லைட்டை அப்படியே சமையல் ஓவனுக்குள் வைப்பார்கள். நம்ம வீட்டு ஓவனில் அது நுழையாது. நுழைந்தாலும் வேண்டாம், பிளாஸ்டிக் புகை வந்த ஓவனில் அப்புறம் கேக் செய்ய முடியாது. இங்கே கைகொடுப்பது ஹீட் கன்.

* பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். பல கார்களில் பம்பரையும் இறக்க வேண்டியிருக்கும்.

* பல்ப், பின்மூடி, ஸ்குரூ, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு ஸ்குரூ மறந்தாலும் இழுக்கும்போது கூடு உடையும்.

* கோந்து இருக்கும் ஓரத்தில் மட்டும் ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே சூடு காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

* இளகியதும் மெதுவாக நெம்ப வேண்டும். வரவில்லை என்றால் மறுபடி சூடு. பலத்தைக் காட்டக் கூடாது.

கவனிங்க: சில மாடல்களில், குறிப்பாக புதிய எல்.இ.டி. விளக்குகளில், சூட்டுக்கு இளகாத நிரந்தரப் பசை போட்டிருப்பார்கள். வெட்டித்தான் எடுக்க முடியும். அதில் இறங்காதீங்க. வாரன்டியும் போய்விடும்.

பெயின்ட் அடிப்பதில் என்ன சிக்கல்?

பார்டரைத் தனியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, 800 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் பிரைமர் போட்டு, அதன் மேல் சூடு தாங்கும் பெயின்ட்டை மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ரிஃப்ளெக்டரும் பார்டரும் ஒட்டியே இருந்தால், மூடி மறைத்து அடிக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். ஸ்பிரே தூசி எப்படியாவது உள்ளே போகும்.

அடித்தவுடன் மூடவும் கூடாது. சரியாகக் காயாத பெயின்ட்டிலிருந்து வரும் ஆவி, பல்ப் சூட்டில் லென்ஸின் உள்பக்கம் படலமாகப் படியும். இரண்டு மூன்று நாள் காய விடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பெயின்ட் வெளுத்துப்போகும்.

உண்மையான ஆபத்து திரும்ப ஒட்டும்போதுதான்!

பழைய கோந்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, புது பியூட்டைல் கோந்து சுற்றிலும் விடுபடாமல் வைத்து, சூடு காட்டி அழுத்த வேண்டும். ஒரு இடத்தில் இடைவெளி இருந்தாலும் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேற. பல்ப் ஹோல்டரில் பச்சை பூத்துவிடும்.

மாட்டுவதற்கு முன், பல்பையும் பின்மூடியையும் போட்டுவிட்டு ஹோஸில் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்க. காலையில் லேசான ஆவி படிந்து, லைட் போட்டதும் மறைந்தால் பயமில்லை. சொட்டுச் சொட்டாக நின்றால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

சுவர் டெஸ்ட்: மறக்காதீங்க

கழற்றுவதற்கு முன்பே காரை சமதளத்தில், ஒரு சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்க. லோ பீம் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்க. வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்க. கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் எதிரே வருகிறவர் கண் கூசும். கீழே இறங்கியிருந்தால் உங்களுக்கு ரோடு தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதைப் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வலதுபக்கம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

உள்ளே இருக்கும் பார்டரின் நிறத்துக்கு ஆர்.சி. புக்கில் தனி இடம் கிடையாது. ஆனால் லென்ஸ் மேல் கருப்பு 'ஸ்மோக்' ஸ்பிரே அடிப்பதும், கலர் பேப்பர் ஒட்டுவதும் வெளிச்சத்தையே மாற்றும் வேலை. சிக்கலில் மாட்டுவது அங்கேதான்.

அப்போ போலீஸே கருப்பு ஒட்டினாங்களே?

நியாயமான கேள்வி. ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு, போக்குவரத்து போலீஸாரே நிறுத்தி ஒட்டியதும் உண்டு. எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் அந்தப் பொட்டு கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்குமே தவிர, தூக்கிப் பார்க்கும் பீமை இறக்கிவிடாது. பீமைச் சரியாக வைத்து, எதிரே வண்டி வந்தால் டிம் போடுவதுதான் தீர்வு.

கடைசியா என்ன செய்யலாம்?

லென்ஸ் மஞ்சள் என்றால் வெளியே பாலிஷ் மட்டும். கருப்பு லுக் வேண்டும் என்றால், பார்டர் தனியாகக் கழன்று வரும் மாடலில் மட்டும், அதுவும் ஏற்கெனவே இதைச் செய்த பெயின்டர் கையில். நீங்களே கத்துக்கணும் என்றால் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் உடைந்த ஹெட்லைட்டில் முதலில் கை பழகுங்க. சுவர் டெஸ்ட்டுக்கு மட்டும் செலவே இல்லை. வண்டியை எதுவும் செய்யாதவர்களும் இன்றைக்கு ராத்திரியே செய்து பார்க்கலாம்.