புனைகதையில் உரையாடல்: பேச்சு வழக்கைக் கையாள்வது பற்றிய சில குறிப்புகள்

புனைகதை எழுத முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் உரையாடல் முதன்மையானது. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபட்டு நிற்கும் இருவழக்கு மொழியாகத் தமிழ் இருப்பதே இதற்குக் காரணமாகும். கதைமாந்தரைச் செந்தமிழிற் பேசவைத்தால் உயிரில்லை என்பர். பேசுகிறபடியே எழுதினால் விளங்கவில்லை என்பர். இவ்விரண்டுக்குமிடையே எழுத்தாளர் எவ்வாறு வழிதேடலாம் என்பதை ஈழத்துப் புனைகதையின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

இவ்வினா நம்மிடையே புதியதன்று. பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, 1940இல் வெளிவந்த 'நானாடகம்' என்னும் நூலிலேயே யாழ்ப்பாணப் பேச்சு வழக்கை நாடக மொழியாகக் கையாண்டார். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதையடுத்து, அதுவரை இலக்கியத்தில் இடம்பெறாத உழைக்கும் மக்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கதைமாந்தராயினர். அவர்களோடு அவர்களின் மொழியும் உள்ளே வந்தது. 1960களின் முற்பகுதியில் நடைபெற்ற மரபு பற்றிய விவாதத்தின்போது இம்மொழி 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்டது. இலக்கண வழுவைச் சுட்டுவதாகத் தொடங்கிய அக்குற்றச்சாட்டு உண்மையில் யார் இலக்கியத்துள் நுழையலாம் என்பது பற்றியதாகவே இருந்தது. ஆகவே, உரையாடலை எவ்வாறு எழுதுவது என்பது வெறும் உத்தி பற்றிய வினாவாக என்றும் இருந்ததில்லை.

முதலில் விலக்கவேண்டிய தவறு ஒன்றுண்டு. கூலியாளையும் தோட்டத் தொழிலாளியையும் கொச்சையாகப் பேசவைத்து, ஆசிரியரையும் மருத்துவரையும் ஏட்டுத் தமிழிற் பேசவைக்கும் கதைகள் இன்றும் எழுதப்படுகின்றன. ஏழையிடம் அனுதாபம் கொண்ட எழுத்தாளர்களும் இதனைச் செய்கின்றனர். வீட்டிலே தன் மனைவியிடம் எழுத்து வழக்கிற் பேசும் பேராசிரியர் எவருமில்லர். பேச்சு வழக்கு எல்லோருக்கும் பொது. அதனை ஒரு வர்க்கத்துக்கு மட்டும் உரியதாகக் காட்டும்போது, அவ்வர்க்கத்தின் பேச்சு பிழைபட்ட பேச்சு என்ற கருத்தைக் கதையே நிலைநாட்டிவிடுகிறது. ஒரு பாத்திரம் பேச்சு வழக்கிற் பேசுமாயின் எல்லாப் பாத்திரங்களும் அவ்வாறே பேசுதல் வேண்டும். மேடைப் பேச்சு, நீதிமன்ற அறிக்கை, கடிதம் போன்ற சந்தர்ப்பங்களே இதற்கு விலக்காகும்.

இரண்டாவது, ஒலியைப் படியெடுக்க முயல்வது. யாழ்ப்பாணத்தவருட் பெரும்பாலோர் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பர். காணியுடையவரும் காணியற்றவரும் இவ்வொலிப்பில் வேறுபடுவதில்லை. எனினும், காணியற்றவரின் வாயில் மட்டும் 'வாளைப்பளம்' என்று எழுதுவதைக் காண்கிறோம். இது பேச்சைப் பதிவு செய்வதாகாது, எழுத்தறிவின்மையைச் சுமத்துவதாகும். 'வாழைப்பழம்' என்றே எழுதினாலும் வாசகர் தமக்குரிய ஒலியிலேயே அதனை வாசித்துக்கொள்வர். எழுத்தாளர் பதிவு செய்யவேண்டியவை வேறு: இடப்பெயர், வினைமுற்று, விளி, சுட்டு, வாக்கியம் முடியும் முறை. 'என்ரை', 'வாறன்', 'வந்தனான்', 'எண்டு' போன்ற சில வடிவங்களைத் தெரிந்தெடுத்து, கதை முழுவதும் ஒரே வகையாக எழுதினாற் போதும். ஒரே சொல்லை மூன்று பக்கங்களில் மூன்று விதமாக எழுதுவதே வாசகரை இடறச் செய்கிறது.

இவ்வடிவங்கள் சிதைவுகள் என்ற எண்ணமும் திருத்தப்படவேண்டியது. அகர, இகரச் சுட்டுகளோடு உகரச் சுட்டையும் தொல்காப்பியம் கூறுகிறது. இன்றைய எழுத்து வழக்கில் மறைந்துவிட்ட அந்த உகரச் சுட்டு, யாழ்ப்பாணப் பேச்சில் 'உது', 'உவன்', 'உங்கை' எனத் தொடர்ந்து வழங்குகிறது. பெரும்பாலும் அது கேட்பவரின் பக்கத்திலுள்ளதைக் குறிக்கும். 'அதை வை' என்பதற்கும் 'உதை வை' என்பதற்குமுள்ள வேறுபாட்டை அறிந்த எழுத்தாளருக்கு, பொருள் யார் கையில் இருக்கிறது என்பதை விவரிக்க ஒரு வாக்கியம் மிச்சமாகிறது.

மூன்றாவதும் முக்கியமானதும் உறவுநிலை. யாழ்ப்பாண வழக்கில் முன்னிலைக்கு 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் உண்டு. ஏவலிலும் 'வா', 'வாரும்', 'வாங்கோ' என்பன அவற்றுக்கு இயைந்து வரும். படர்க்கையில் 'அவள் வாறாள்' என்பதும் 'அவ வாறா' என்பதும் ஒன்றல்ல. இப்படிகளுள் சமூகத்தின் அதிகார அமைப்பு முழுவதும் அடங்கியுள்ளது. ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். காலம் 1960களின் பிற்பகுதி. கூலி கேட்டு ஒருவர் காணிக்காரரின் வாசலுக்கு வருகிறார்.

"என்னடா, உதிலை நிக்கிறாய்?"

"நயினார், போன கிழமைக் கூலி..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கும் உரிமை அவருக்கு இல்லை. மறுநாள் படித்த மகன் தனியே வருகிறான்.

"போன கிழமைக் கூலி வாங்க வந்தனான். தாங்கோ."

"நீர் ஆற்றை மகன்?"

"கந்தன்ரை மகன்."

"உனக்கு ஆரடா உள்ளுக்கை வரச் சொன்னது?"

மகனின் பேச்சில் மரியாதை குறையவில்லை. 'தாங்கோ' என்றே கேட்கிறான். 'நயினார்' என்ற சொல் மட்டும் இல்லை. காணிக்காரர் உடையைப் பார்த்து 'நீர்' என்கிறார். தந்தையின் பெயரைக் கேட்டதும் 'உனக்கு' என்று இறங்குகிறார். 'அவர் சாதி வெறி கொண்டவர்' என்றோ, 'புதிய தலைமுறை விழித்தெழுந்தது' என்றோ ஆசிரியர் கூற்றாக ஒரு வரியும் தேவையில்லை. 1966இல் வடபகுதியில் வலுப்பெற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களின் பின்னணியில் எழுந்த கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவல்களைக் கற்கும் இளம் எழுத்தாளர், கருத்தை மட்டுமன்றி, யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர் என்பதையும் பக்கந்தோறும் குறித்துக்கொள்வது பயன்தரும்.

நான்காவது, 'இலங்கைப் பேச்சுத் தமிழ்' என ஒன்று இல்லை என்பதை மனங்கொள்ளுதல். மட்டக்களப்பின் 'மறுகா' யாழ்ப்பாணத்தின் 'பிறகு' ஆகும். யாழ்ப்பாணத்தவர் 'ஓம்' என்னுமிடத்தில் மலையகத்தவர் 'ஆமா' என்பர். தென்பகுதி முஸ்லிம்களிடையே 'தாத்தா' என்பது மூத்த சகோதரியைக் குறிக்கும். கிழக்கிலோ அவர் 'ராத்தா'. இதனை அறியாமல் எழுதுபவர் ஒரு குடும்பத்தையே குழப்பிவிடுவார். 'லயம்', 'பிரட்டு', 'கங்காணி' முதலிய சொற்களும் அவ்வாறே. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதிக் கதைகளைப் போன்று, அவ்வாழ்க்கையின் உள்ளிருந்து வரும் எழுத்தில் அவை அலங்காரமாக நிற்பதில்லை. வேலை நாளின் ஒழுங்கோடு பிணைந்து வருகின்றன. சொல்லை மட்டும் இரவல் வாங்குவதால் மண்வாசனை வந்துவிடாது.

இடப்பெயர்வு இந்நிலையை மேலும் சிக்கலாக்கியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் வாழ நேர்ந்தது. அத்தகைய குடும்பத்தைப் பற்றி எழுதுபவர், பாட்டியின் பேச்சும் அங்கு பிறந்த பேரப்பிள்ளையின் பேச்சும் ஒன்றாக இருக்குமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு மட்டும் பாத்திரத்தின் மொழியைத் தீர்மானிக்க இயலாது. வயது, கல்வி, தொழில், யாரிடம் பேசுகிறார் என்பன யாவும் அதனைத் தீர்மானிக்கும்.

இறுதியாக, நடைமுறையிற் கைக்கொள்ளத்தக்க சில சோதனைகளைக் கூறலாம். உரையாடலை உரத்து வாசித்துப் பார்த்தல் முதலாவது. பேசுவோரின் பெயர்களை மறைத்துவிட்டு, யார் பேசுகிறார் என்பது விளங்குகிறதா எனப் பார்த்தல் இரண்டாவது. 'என்று கோபத்துடன் கூறினான்' போன்ற விளக்கங்களை நீக்கியபின்னும் கோபம் எஞ்சுகிறதா எனப் பார்த்தல் மூன்றாவது. வேற்றுப் பிரதேச வாசகருக்கு விளங்காத சொல்லின் பொருளை அடுத்த வரியின் செயலே உணர்த்துமாறு அமைத்தல் நான்காவது. அருஞ்சொற் பட்டியல் இயலாதவிடத்து மட்டுமே வேண்டற்பாலது. அப்பேச்சுக்குரிய மக்களுள் ஒருவருக்குக் கதையை வாசித்துக் காட்டுதல் ஐந்தாவது. அவர் சிரிக்குமிடங்களைக் கவனிக்க வேண்டும். தம்மை எண்ணிச் சிரிக்கிறாரா, எழுத்தாளரின் அறியாமையை எண்ணிச் சிரிக்கிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

மக்களின் மொழி இலக்கியமாகலாமா என்ற வினாவுக்கு ஈழத்துப் புனைகதை எப்போதோ விடை கூறிவிட்டது. அம்மொழியைச் செவிமடுத்துக் கற்பதற்கு நாம் எவ்வளவு உழைக்கிறோம் என்பதே இன்று நம்முன் உள்ள வினா. உழைக்காமல் எழுதப்படும் பேச்சு வழக்கு, அன்று 'இழிசனர் வழக்கு' என்றோர் கொண்டிருந்த அதே எண்ணத்தை அனுதாபத்தின் பெயரால் மீண்டும் அச்சேற்றுவதாகவே முடியும்.