மஞ்சள் விளக்கு எரிந்தால்…

கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறும் வீதியை மலைநாட்டில் அறியாதார் இலர். கம்பளை கடல் மட்டத்துக்கு மேல் 500 மீற்றரை எட்டாத ஊர்; நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேற்பட்டது. ஏறிய வண்டி யாவும் இறங்கியே ஆகவேண்டும். மழைக்காலத்தில், தேயிலைச் சரிவின் மண் கரைந்து வீதியிற் படிந்திருக்கும் வேளையில், வளைவொன்றில் எதிரே பஸ் வந்துவிட, சாரதி பிரேக்கை ஊன்றி மிதிக்கிறார் என வைத்துக்கொள்வோம். சில்லுகள் சுழல்வதை நிறுத்தி இறுகிவிட்டால் வண்டி சறுக்கத் தொடங்கும். பின்னர் ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினும் அது கேளாது.

இந்த ஆபத்தைத் தவிர்க்க அமைந்ததே ‘ஏ.பி.எஸ்.’ என்று நாம் வழங்கும் ஏற்பாடு. ஓடுபாதையில் இறங்கும் விமானங்களின் சில்லுகள் இறுகாதிருக்க 1950களிலேயே டன்லப் நிறுவனத்தின் ‘மாக்சரெற்’ என்னும் கருவி பயன்பட்டது. 1966 இல் ‘ஜென்சன் எஃப்.எஃப்.’ என்ற ஆங்கிலேயக் காரிலும் அது இடம்பெற்றது. இன்று நம் கார்களில் உள்ள மின்னணு முறைக்கு முன்னோடி, 1978 இல் போஷ் நிறுவனத்தின் துணையுடன் மெர்சிடிஸ் பென்ஸ் வெளிக்கொணர்ந்தது.

அதன் வேலை அத்துணைக் கடினமானதன்று. ஒவ்வொரு சில்லின் அருகிலும் ஒரு சென்சர் இருக்கிறது. சில்லோடு சுழலும் பல்வளையத்தையோ காந்த வளையத்தையோ கவனித்து, சில்லு எவ்வேகத்தில் ஓடுகிறது என்பதை அது கணினிக்கு ஓயாது அறிவிக்கிறது. பிரேக் மிதித்தவுடன் ஒரு சில்லு மட்டும் திடீரென வேகம் குன்றினால், அது இறுகப்போகிறது என்று கணினி உணர்ந்து, அச்சில்லுக்குச் செல்லும் எண்ணெய் அழுத்தத்தை ஒரு வினாடிக்குள் பலமுறை தளர்த்தியும் கூட்டியும் சீர்செய்கிறது. அவ்வேளை பிரேக் மிதி காலடியில் துடிக்கும். அத்துடிப்புக்கு அஞ்சிக் காலை எடுக்கலாகாது. அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எங்கேனும் பழுது நேர்ந்தால் சாரதிக்கு முன்னே மஞ்சள் விளக்கு எரிகிறது. மஞ்சள் விளக்கு மட்டும் எரியுமாயின், சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலைசெய்யும். சில்லு இறுகாமற் காக்கும் துணை மட்டும் இல்லை. பழைய காலத்துக் காரை ஓட்டுவது போன்றே நிதானமாக ஓட்டிச் சென்று திருத்திக்கொள்ளலாம். சிவப்பு விளக்கும் கூடவே எரிந்தால் கதை வேறு. கைபிரேக் விடுபட்டிருக்கிறதா, பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, காரணம் புலப்படாவிடில் வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திவிடல் வேண்டும்.

எமது அயலவர் ஒருவரின் ஜப்பானியக் காரில் நிகழ்ந்ததைக் கூறுவோம். கம்பளை நகருக்குள் ஓடும்போது விளக்கு எரிவதில்லை. புஸ்ஸல்லாவைப் பக்கம் ஏறும்போது வலப்புற வளைவுகளில் மாத்திரம் எரியும். அவர் முதலில் நாடிய கராஜில் ஏ.பி.எஸ். பம்ப் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை அவரது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்குவதாக இருந்தது. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த நாட்டிலே, பழைய காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதும் எளிதன்று.

அடுத்துச் சென்ற இடத்திலே முதிய மெக்கானிக் ஒருவர், “பம்பைக் குறை சொல்ல முதல் சில்லைப் பார்ப்போம், சேர்” என்றார். ஸ்கேனரை இணைத்தபோது முன்பக்க இடது சில்லின் சென்சரையே அது சுட்டியது. (மலிவான ஸ்கேனர்கள் பல என்ஜினின் குறைகளை மட்டுமே வாசிக்கும், ஏ.பி.எஸ். பழுதை வாசிக்க வல்லதா என்று கேட்டுக்கொள்வது நன்று.) ஆயினும் ஸ்கேனர் பெயர் சொன்ன மாத்திரத்தில் புதுச் சென்சர் வாங்க அவர் ஆளனுப்பவில்லை. காரை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுவதும் வலப்புறம் திருப்பச் செய்து, டோர்ச் ஒளியில் வயரைப் பின்தொடர்ந்தார். முன்னர் யாரோ ஷொக் அப்சோபர் மாற்றியபோது வயரைப் பிடிக்கும் கிளிப்பை மீண்டும் பூட்டாது விட்டிருந்தார்கள். வண்டி வலம் திரும்பும்போதெல்லாம் ரயர் அவ்வயரை உராய்ந்து, உள்ளே செம்பு இழை அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. வயரோடு கூடிய சென்சர் ஒன்றும் சிறு கிளிப் ஒன்றுமே மருந்தாயின.

விளக்கு எரியும் வேளையே நோயைப் பாதி சொல்லிவிடுகிறது. என்ஜினை இயக்கியதும் எரிந்து அணையாவிடில், வயர் அறுந்திருத்தல், பியூஸ் எரிந்திருத்தல் போன்ற மின்தொடர்புக் குறையைத் தேடலாம். சிறிது தூரம் ஓடிய பின்னரே எரிந்தால், சென்சர் முனையில் இரும்புத்தூளோ சேறோ ஒட்டியிருக்கலாம், பல்வளையம் வெடித்திருக்கலாம், துரு கிளம்பிச் சென்சரை விலக்கியிருக்கலாம். உலர்ந்த வீதியில், வண்டி நிற்கப்போகும் தறுவாயில் மிதி காரணமின்றித் துடித்தாலும் பல்வளையத்தின் மீதே ஐயம் கொள்க. அண்மையில் பெயாரிங் மாற்றிய காரில், காந்த வளையமுள்ள பக்கத்தை மாறிப் பூட்டிவிட்டார்களா என்றும் பார்க்கவேண்டும். மல்டிமீற்றரால் இடது, வலது சென்சர்களின் தடையை ஒப்பிடுவது பழைய வகைக் கம்பிச்சுருள் சென்சருக்கே பொருந்தும். புதிய வகைக்கு, வண்டி ஓடும்போது நான்கு சில்லுகளின் வேகமும் ஒத்திருக்கிறதா என்று ஸ்கேனரிற் பார்ப்பதே முறை.

ஒன்றை மட்டும் கண்டித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. காரை விற்கும் அவசரத்தில் அந்த விளக்கையே கழற்றிவிடுவோர் உளர். கண்ணை உறுத்தும் விளக்கு ஒழிந்தது. மழையில் இறங்கும் குடும்பத்தின் காவலும் கூடவே ஒழிந்தது என்பதை வாங்குபவர் அறியார். எனவே பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்றையும் இருக்கை உறையையும் பார்க்குமுன், என்ஜினை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்பி, மஞ்சள் விளக்கைக் கவனிப்பார்களாக. அது எரிந்து, சில வினாடிகளிலோ வண்டி சற்று நகர்ந்ததுமோ அணையவேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால், விலைபேசுவதை நிறுத்திவிட்டு விளக்கு எங்கே என்று கேளுங்கள்.