கடற்கரையில் ஒரு பாடம்

கேட்டுக் கற்பதினும் கண்டு கற்பது நெஞ்சில் ஆழப் பதியும். இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியொன்றில் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும்.

ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கற்பித்தார். கரும்பலகையில் பறவையொன்றை வரைந்து, சிறகும் வாலும் செய்யும் தொழிலை விளக்கினார். பின்னர், பாடம் விளங்கிற்றா என வினவினார். விளங்கவில்லை என்றான் ஒரு சிறுவன். வேறு பலரும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினந்தாரல்லர். மாலையில் மாணாக்கரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலின் துணையால் திசை திரும்புவதையும் சுட்டிக் காட்டினார். பறவையை இயக்கும் பொறி எங்குள்ளது எனக் கேட்டு, அதன் உயிராற்றலும் பறக்கும் வேட்கையுமே அப்பொறி என்று தெளிவுறுத்தினார்.

விளங்கவில்லை என்ற அச்சிறுவனே அப்துல் கலாம். அன்று அவர் உள்ளத்தில் எழுந்த பறக்கும் ஆர்வம், இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும் திருச்சியிலும் கற்றபின், சென்னையில் வானூர்திப் பொறியியல் பயிலச் செய்தது. 1980ஆம் ஆண்டில் அவர் திட்ட இயக்குநராயிருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், ரோகிணித் துணைக்கோளை விண்ணில் செலுத்திற்று. 2002இல் அவர் குடியரசுத் தலைவரானார்.

விளங்காததை மறையாது கூறும் நேர்மை மாணாக்கர்க்கு வேண்டும். அதனை வேறு வழியில் விளக்கும் பொறுமை ஆசிரியர்க்கு வேண்டும். இவ்விரண்டும் கூடியமையாலேயே அம்மாலைப் பொழுது ஒரு சிறுவனின் வாழ்வுக்கு வழி காட்டிற்று.