பூநாரை ஏன் புள்ளியாச்சு?

குட்டீஸ், கேமரா வாங்கித் தரச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறீர்களா? அப்படியென்றால் என் அக்கா மகன் கதையைக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான்.

ஒரு மார்கழியில் அவனைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போனேன். வேதாரண்யம் உப்பளங்களைத் தாண்டித் தெற்கே போனால் வரும் ஊர். 'பொன்னியின் செல்வன்' பூங்குழலி படகு விட்ட அதே கோடிக்கரைதான்! 1967-ல் சரணாலயம் ஆனது. முறுக்குக் கொம்பு வெளிமான்கள் உண்டு. மழைக்காலம் வந்தால் உள்ளான்களும் பூநாரைகளும் சதுப்பில் வந்து இறங்கும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தான் பையன். பூநாரைக் கூட்டத்தைப் பார்த்ததும் 'டக் டக்'கென்று நூறு படம். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், தண்ணீரும் வானமும்தான் தெரிந்தன. நடுவில் வெள்ளைப் புள்ளிகள்.

"மாமா, இதில எது பூநாரை?" என்றான், அழாத குறையாக.

தப்பு அவனுடையது அல்ல. அந்த கேமராவில் இருந்தது 18-55 லென்ஸ். கணக்கு போட்டுப் பார்ப்போமா? பூநாரை நான்கடி உயரம். அது நூறு மீட்டர் தள்ளி நின்றால், 55 மி.மீ. லென்ஸ் அதை முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் சென்சாரில் விழ வைக்கும். சென்சாரின் உயரமோ 15.6 மி.மீ. ஆக, படத்தின் உயரத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்குதான் பறவை! அதே இடத்தில் நின்று 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஏறக்குறைய கால் பங்கு வரும். கிட்டப் போய் எடுக்கலாமே என்கிறீர்களா? போனால் பறந்துவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளானும் பக்கத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும். அதை விரட்டி எடுத்த படம் நமக்கு எதற்கு?

பையனுக்கு அப்போதே சொந்த கேமரா ஆசை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைத்த காசை உண்டியலில் சேர்த்து வைத்திருந்தான். மீதியைத் தாத்தா தருவதாகச் சொன்னார். அவ்வளவும் ஒரே தடவைதான் செலவாகும். தப்பாக வாங்கினால் இன்னொரு உண்டியல் நிறைய வேண்டும்.

கடையில், "இதில் மெகாபிக்சல் ஜாஸ்தி தம்பி" என்று விலை கூடிய மாடலை நீட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். 2003-ல் வந்த கேனான் 300டி-யில் இருந்தது 6 மெகாபிக்சல்தான். அதில் எத்தனையோ பேர் அழகாகப் படம் எடுத்தார்கள். கேமராவில் மிச்சம் பிடித்த காசை லென்ஸில் போட வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது கேனானும் நிக்கானும் கண்ணாடி இல்லாத 'மிர்ரர்லெஸ்' பக்கம் போய்விட்டன. 2018-ல் வந்த நிக்கான் டி3500 போன்ற சின்ன டி.எஸ்.எல்.ஆர்.கள் உற்பத்தியில் இல்லை. அதனால் நமக்கு லாபம்! பழையது மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வந்துவிடலாம். பழைய வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்போம் இல்லையா, அதுபோல ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. இன்னொன்று: டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மாட்டினால் நீங்கள்தான் கையால் திருக வேண்டும். மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

பெரிய கேமரா இல்லையே என்று ஏங்குபவர்களுக்கு ஒரு சேதி. மா. கிருஷ்ணன் (1912-1996) என்று ஓர் இயற்கை ஆய்வாளர் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். அதில் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களை இன்றும் வியக்கிறார்கள்.

கடைசியில் பையன் வாங்கியது ஒரு பழைய கேமரா, அதோடு 70-300 லென்ஸ். அடுத்த மார்கழியில் மறுபடி கோடியக்கரை. உப்புக்காற்றில் மணல் பறந்ததால் லென்ஸைக் கழற்றவே கூடாது என்று சொல்லி வைத்தேன். பைக்குள் ஒரு துணி, அடிக்கடி துடைத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பூநாரைகள் இன்னும் தூரத்தில் நின்றன. பையன் அசரவில்லை. புல்வெளியில் மேய்ந்த மட்டக்குதிரை ஒன்றைப் படம் எடுத்தான். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. அதன் முதுகில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்ததைப் படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் இரண்டு பேரும் பார்த்தோம்.