பாதையும் ஓடையும் ஒரே உரிமை: மலைச்சாலையின் சேறு யார் குடத்தில் சேர்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதினின்று சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. நீரும் சாலையும் அங்கே ஒரே வரியில் நிற்கின்றன. இது தற்செயல் அன்று. இரண்டும் ஒரே மக்களுக்கு ஒருசேர மறுக்கப்பட்டவை. 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்கானது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியது நீருக்கான உரிமையை நிலைநாட்டவே.

சமவெளியில் இவ்விரு உரிமைகளையும் தனித்தனியே கோர முடியும். மலையில் முடியாது. அங்கே சாலையும் ஓடையும் மண்ணாலேயே பிணைந்திருக்கின்றன. சாலை எவ்வாறு வெட்டப்படுகிறது என்பதே அதற்குக் கீழே ஓடும் நீர் எவ்வாறிருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே மலைவாழ் தலித் மக்களும் பழங்குடி மக்களும் "சாலை வேண்டும்" என்று கோரும்போது, "எத்தகைய சாலை?" என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்ப வேண்டும் என்கிறோம்.

நீலகிரியின் சரிவில்

பவானியாற்றுக்கு நீர் கொடுக்கும் மாயாறும் குந்தா ஆறும் நீலகிரி மலையில் பிறப்பவை. அவற்றுக்கு நீர் சேர்க்கும் எண்ணற்ற சிற்றோடைகள் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகவே இறங்குகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருள் பலர் இம்மாவட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலையளிப்பதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவர்களுள் பெரும்பகுதியினர் தலித் மக்கள். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் சிற்றூர்களும் இதே சரிவுகளில் உள்ளன.

சாலை மேலேயும் லைன் வீடுகள் கீழேயும் இருப்பது இங்கே பல இடங்களில் காணும் அமைப்பு. குடிநீர் ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய் வழியாக வருகிறது. மேலே சாலையில் நேர்வது எதுவாயினும் அது கீழே குடத்தில் தெரியும்.

இம்மலையில் பெய்யும் மழையின் அளவையும் மறந்துவிடலாகாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்நாட்களின் மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டியது. இத்தகைய மழையை எந்தச் சாலையாலும் தடுத்து நிறுத்த இயலாது. ஆயினும் அந்நீரைச் சிதறவிடுவதா, ஒரே இடத்தில் குவிப்பதா என்பது சாலையமைப்பவரின் கையில் உள்ளது.

சாலை எப்படி ஓடையாகிறது?

காட்டுச் சரிவில் விழும் மழையின் பெரும்பகுதி சருகிலும் வேரிலும் தங்கி, மண்ணுக்குள் இறங்கி, மெல்லக் கசிந்து ஓடையைச் சேர்கிறது. சாலை இந்த ஒழுங்கை மூன்று வகையில் குலைக்கிறது.

முதலாவதாக, இறுகிய சாலைப்பரப்பு நீரை உள்வாங்குவதில்லை. இரண்டாவதாக, சாலைக்காக மலையை வெட்டும்போது, மண்ணுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த நீர் வெட்டுமுகத்தில் வெளிப்பட்டுப் பக்கவடிகாலில் விழுகிறது. மூன்றாவதாக, அந்த வடிகால் நேரே ஓடையில் கொண்டுபோய்விடப்படுகிறது. இவ்வாறு, மழைநாளில் சாலையே ஒரு கிளையோடையாகிவிடுகிறது.

இதில் வேகமே தீங்கின் வேர். நீரின் வேகம் இருமடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலின் பழைய பாடம். சக்கரத் தடத்தில் விரலளவாய்த் தொடங்கும் கீறல் ஒரு பருவமழையில் முழங்காலளவுப் பள்ளமாவது இதனால்தான். பொக்லைன் இயந்திரத்தால் வெட்டிய மண்ணை அப்படியே சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. பிடிப்பற்ற அந்த மண் அடுத்த பெருமழையில் ஓடையில் கிடக்கும்; சில வேளைகளில் வீட்டின் மேலும் கிடக்கும்.

சேறு கொல்வது எவற்றை?

ஓடையின் உயிர் அதன் அடியில் கிடக்கும் கூழாங்கற்களின் இடுக்குகளில் இருக்கிறது. அவ்விடுக்குகள் வழியே ஓடும் நீர்தான் உயிர்வளியைக் கொண்டு செல்கிறது. நீர்ப்பூச்சிகளின் இளம்புழுக்கள் அங்கேயே வளர்கின்றன. பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கல்லொட்டி வகை மீன்களுக்கும் சேறு படியாத கல்பரப்பு வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நடனத் தவளைகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பெண் தவளை பின்னங்கால்களால் ஓடைப்படுகையைத் தோண்டி, முட்டையிட்டு, சரளைக் கற்களால் மூடிவிடுகிறது. பொரிந்துவரும் தலைப்பிரட்டைகளும் ஓடை மணலுக்குள்ளேயே புதைந்து வாழ்கின்றன. சாலையிலிருந்து வரும் நுண்மண் அவ்விடுக்குகளை அடைத்துவிட்டால், ஓடையில் நீர் ஓடிக்கொண்டிருந்தாலும் முட்டைகள் மூச்சின்றி அழியும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஓடை இருக்கும். அதன் உயிர் இராது.

அதே சேறு மனிதரையும் தாக்குகிறது. இந்தியத் தரநிலையின்படி குடிநீரின் கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 5 அலகு வரை ஏற்கலாம். கலங்கிய நீரில் பிளீச்சிங் பவுடர் இட்டாலும் பயன் குறைவு. மண்துகள்கள் கிருமிகளுக்குக் கவசமாகிவிடுகின்றன. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து கூலியை இழப்பவர் யார், தெளிந்த நீரைத் தேடிக் கூடுதல் தொலைவு நடப்பவர் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தவளையின் முட்டைக்கும் குழந்தையின் குடிநீருக்கும் கேடு ஒரே வடிகாலிலிருந்துதான் வருகிறது.

செய்யக்கூடியவை

தீர்வுகள் புதியவை அல்ல. பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. அவற்றின் அடிப்படை ஒன்றே: நீரைக் குவியவிடாதே, சிறிது சிறிதாகப் பிரித்து, புல்லும் புதரும் உள்ள சரிவில் விடு.

வாகனங்கள் மெதுவாகச் செல்லும் குறுகிய சாலைகளைப் பள்ளத்தாக்குப் பக்கமாக 3 முதல் 5 விழுக்காடு சாய்த்து அமைக்கலாம். 3 மீட்டர் அகலச் சாலையில் வெளிவிளிம்பு 9 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். நீர் சாலைநெடுக ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். வழுக்கும் களிமண்ணிலும் செங்குத்தான வளைவுகளிலும் இது ஆபத்து. அங்கே பக்கவடிகாலும் குறுக்கு வடிகால்களும் தேவை. ஏற்றம் கூடக்கூடக் குறுக்கு வடிகால்களின் இடைவெளி குறைய வேண்டும். ஓடையைக் கடக்கும் இடத்துக்குச் சில பத்து மீட்டர் முன்னரே வடிகால் நீரைச் செடிகொடிகள் அடர்ந்த சரிவில் திருப்பிவிட வேண்டும்; அங்கே சேறு வடிகட்டப்படும். நீர் விழும் வாயில் கருங்கற்களைப் பரப்பினால் அரிப்பு நிற்கும்.

ஓடையைக் கடக்கும் இடமே மிகக் கவனம் கோருவது. ஓடையைவிடக் குறுகிய குழாயைப் பதித்தால் நீர் பீறிட்டுக் கீழ்ப்புறத்தைக் குடைந்துவிடும். பின்னர் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். மீன் மேலேற வழியில்லை. குழாய் அடைபட்டாலோ ஓடை சாலையின் மேலேறி வேறு வழி தேடும். அவ்வழியில் வீடுகள் இருக்கக்கூடும். ஓடையின் இயல்பான அகலத்துக்குக் குறையாத சிறுபாலமே ஏற்றது. குழாய்தான் இயலும் எனில், அதன் அடிப்பகுதி ஓடைப்படுகைக்குக் கீழே புதைந்திருக்க வேண்டும். வெட்டுச்சரிவில் வெட்டிவேர் நடுவது, தடுப்புச்சுவரில் நீர் கசிய துளைகள் விடுவது, தோண்டிய மண்ணைச் சமதளத்தில் சேர்ப்பது, பருவமழைக் காலத்தில் மண் வெட்டாதிருப்பது ஆகியவை இவற்றோடு சேர வேண்டியவை.

ஒற்றையடிப் பாதைகளுக்கும் இது பொருந்தும். கொழுந்துச் சுமையோடும் பள்ளிப் பையோடும் நம் மக்கள் நடக்கும் பாதைகள் பல நேர்க்கீழாக இறங்குகின்றன. அவை மழையில் வாய்க்கால்களாகி மண்ணரிப்பதும் உண்மையே. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டலாகாது. சராசரியாக 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் நலம். செங்குத்தான இடங்களில் கற்படிகளும், ஆங்காங்கே நீரைத் திருப்பும் குறுக்குக் கற்களும் வேண்டும். குறுக்குவழியில் நடப்பவரைக் குறை சொல்வது தீர்வாகாது. நடக்கத் தகுந்த பாதையை அமைத்துத் தருவதே தீர்வு.

"சாலையா, காடா?" என்னும் பொய்க்கேள்வி

பழங்குடிச் சிற்றூருக்குச் சாலை கேட்டால் காடு கெடும் என்று மறுப்பதும், சுற்றுலாவுக்காகச் சாலையை அகலப்படுத்தும்போது அதே காட்டை மறந்துவிடுவதும் நாம் பலமுறை கண்டவை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைத் தொட்டில் கட்டிச் சுமந்து வர வேண்டிய ஊருக்குச் சூழலியலின் பெயரால் பாதை மறுப்பது அநீதி. ஒப்பந்ததாரர் வடிகாலின்றிப் போட்டுவிட்டுப் போகும் சாலையும் நீதி அன்று. அது முதற்பருவத்தில் ஓடையைக் கெடுக்கிறது. சில பருவங்களில் தானும் அழிகிறது. அதன்பின் அவ்வூருக்கு நீருமில்லை, பாதையுமில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இப்பொய்க்கேள்விக்கு விடையளித்திருக்கிறது. அதன் 3(2) பிரிவின்படி, கிராமசபை பரிந்துரைத்தால், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு ஒவ்வொரு நேர்விலும் 1 எக்டேருக்கும் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம். எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. 4 மீட்டர் அகலம் எடுத்தால் இந்த வரம்பு ஏறத்தாழ 2.5 கிலோமீட்டரில் முடியும். 3 மீட்டர் எனில் 3.3 கிலோமீட்டர் வரை நீளும். குறுகிய சாலை காட்டுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் நீராதாரங்களும் பாதுகாக்கப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தைக் கிராமசபைக்கு வழங்குகிறது. பாதையைப் பரிந்துரைப்பதும் ஓடையைக் காப்பதும் ஒரே சபை.

மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கான சான்றைக் கேட்பதால், 1964க்குப் பின் வந்த தோட்டத் தொழிலாளருக்கு இச்சட்டம் கைகொடுப்பதில்லை. அவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு, ஆறு, ஓடை, ஊற்று, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பயன்படுத்தும் நீராதாரத்தை மாசுபடுத்துவதையும் குற்றமாக்குகிறது. மோசமான சாலையமைப்பால் வரும் சேற்றை இப்பிரிவின்கீழ் நிரூபிப்பது எளிதன்று. எனினும் நீரைக் கெடுப்பது கண்ணியத்தைக் கெடுப்பதே என்று சட்டமே ஏற்றிருப்பது நம் வாதத்துக்கு அடித்தளம்.

மழைக்கு முன்

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று, கிராமசபை கூடுகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு அப்போது இரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கும். வடிகால் சீரமைப்புக்கான தீர்மானத்தை நிறைவேற்ற அதுவே உரிய நாள். எந்தெந்த இடத்தில் வடிகால் நேரே ஓடையில் விழுகிறது, எந்தக் குழாய் அடைபட்டுள்ளது என்று நடந்து பார்த்துப் பட்டியலிட்டுத் தீர்மானத்தோடு இணைக்கலாம்.

புதிய சாலை எனில், மதிப்பீட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம். அச்சட்டத்தின் 2ஆவது பிரிவிலுள்ள வரையறையின்படி தகவல் அறியும் உரிமை என்பது, பணிகளை நேரில் ஆய்வு செய்வதையும் பொருள்களின் மாதிரி எடுப்பதையும் உள்ளடக்கியது. மதிப்பீட்டிலுள்ள சிறுபாலங்களும் குறுக்கு வடிகால்களும் தரையில் உள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

கல்லூரி மாணவர்கள் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மழை பெய்த அன்றே, சாலை ஓடையைக் கடக்கும் இடத்துக்கு மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே அளவுக் கண்ணாடிப் புட்டிகளில் நீரெடுத்து, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் படியும் மண்ணின் உயர வேறுபாட்டைத் தேதியோடும் இடத்தோடும் படமெடுத்து வையுங்கள். ஒரு பருவம் முழுதும் தொடர்ந்தால், அது எந்த அலுவலக மேசையிலும் வைக்கத்தக்க ஆவணமாகும்.

வைக்கத்திலும் மகத்திலும் நம் முன்னோர் கேட்டது நடக்கும் உரிமையையும் பருகும் உரிமையையும். சேறாகிவிட்ட ஓடையில் பருகும் உரிமை காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். ஆகவே மலையில் நம் கோரிக்கை இரண்டாகப் பிரியக் கூடாது. எங்கள் ஊருக்குச் சாலை வேண்டும். அச்சாலைக்குக் கீழே ஓடை தெளிந்து ஓடவும் வேண்டும்.