டைட்டானியம் விலா

ஒன்றுக்குள் ஒன்று நகரும் பகுதிகளால் ஆன இந்த வளைந்த தண்டின் முனைகளில் விலா எலும்பைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் மருத்துவர்கள் ராபர்ட் கேம்பலும் மெல்வின் ஸ்மித்தும் 1980களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினர். 2004இல் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. விலா எலும்புகள் ஒட்டியோ குறைந்தோ பிறக்கும் குழந்தைக்கு வளைந்த முதுகெலும்பை மட்டும் நிமிர்த்துவது போதாது என்பதே இக்கருவி சொல்லும் செய்தி. நுரையீரலின் காற்றுப்பைகள் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே பெருகுகின்றன. அப்போது மார்புக்கூட்டில் இடமில்லையென்றால் பின்னர் ஈடுகட்டுவது கடினம். சிறுவயதிலேயே முதுகெலும்பின் கண்ணிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் முதுகின் வளைவு நிற்கும். ஆனால் மார்பின் வளர்ச்சியும் தடைபடும். அதனால்தான் ஒட்டிய விலாக்களைப் பிரித்து, இத்தண்டைப் பொருத்தி, குழந்தை வளர வளர அறுவை மூலம் அதை நீட்டுகிறார்கள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையை அறுவை மேசையில் கிடத்துவது கொடுமையல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது: கிருமித்தொற்று வரலாம், கொக்கி இடம் நழுவலாம், மார்புச்சுவர் இறுகலாம். ஆகவே எல்லா வளைவுக்கும் இது மருந்தல்ல. மூச்சுக்கே இடமில்லாத குழந்தைகளுக்கு மட்டுமே இந்த இடர் தகும். அவர்களுக்குக் காத்திருப்பதும் பாதுகாப்பானதல்ல. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் நுரையீரல் வளரும் காலத்தைத் தின்றுவிடுகிறது.