கால்பந்துத் திடலும் கடுஞ்சொற் சட்டமும்



தேவராவில் நான் தங்கியிருக்கும் விடுதிக்கு நான்கு கட்டிடங்கள் தள்ளி ஒரு தேநீர்க் கடை உண்டு. கால்பந்து ஆட்டம் நடக்கும் மாலைகளில் அக்கடையே ஒரு சிறு விளையாட்டரங்காக மாறிவிடும். கடைக்காரர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். இரண்டு நீளப் பலகைகளில் இருபது பேர் நெருங்கி அமர்வோம், மற்றவர் நிற்பர். அப்படியொரு மாலை, கேரள பிளாஸ்டர்ஸ் அணிக்கும் சென்னையின் அணிக்கும் ஆட்டம். நான் சென்னையின் பக்கம். வேறு எப்பக்கம் இருப்பேன்? சென்னையின் ஒரு கோல் அடித்தது. என்னை மறந்து கை தட்டினேன். பின்பலகையிலிருந்து ஒருவர் ஒரு சொல்லை எறிந்தார். "பாண்டி" என்பது அச்சொல்.

பாண்டி நாடு என்றால் நமக்குப் பெருமை. முத்தும் தமிழும் வளர்த்த மண். ஆனால் இங்கே, சொல்பவர் குரலைப் பொறுத்து, அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. பிழைக்க வந்தவன், அழுக்கன், நம்மவன் அல்லன் என்பதெல்லாம் அந்த மூன்றெழுத்தில் அடங்கிவிடும். சுற்றியிருந்தோர் சிலர் சிரித்தனர். குடித்த பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றிரவு அறையில் ஆத்திரத்தோடு சொன்னேன்: "இப்படிப் பேசுகிறவர்களைச் சிறையில் தள்ள ஒரு சட்டம் வேண்டும்!"

என் அறைத்தோழர் சட்டம் பயில்பவர், திருநெல்வேலிக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பது வழக்கம். அவர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, அப்படி ஒரு சட்டம் ஒரு நாட்டில் இருந்தது. ஆறே ஆண்டில் அதை எடுத்தும் விட்டார்கள். எடுக்கச் சொல்லிப் போராடியவர்கள் யார் தெரியுமா? கால்பந்து ரசிகர்கள்."

எனக்கு வியப்பு. அன்று தொடங்கி நான் படித்து அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அந்த நாடு ஸ்காட்லாந்து. அதன் பெருநகரான கிளாஸ்கோவில் இரண்டு கழகங்கள். ஒன்று 1872-இல் தோன்றிய ரேஞ்சர்ஸ். மற்றது 1887-இல் நிறுவப்பட்ட செல்டிக். பஞ்சத்தாலும் வறுமையாலும் அயர்லாந்திலிருந்து வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஏழைகளின் பசி தீர்க்கப் பொருள் திரட்டவே வால்பிரிட் என்ற கத்தோலிக்கத் துறவி செல்டிக் கழகத்தைத் தொடங்கினார். ஆக, அது வந்தேறிகளின் கழகம். வேலை தேடி வந்த ஊரில் "நீ எங்களவன் அல்லன்" என்று கேட்டவர்களின் கழகம். ரேஞ்சர்ஸ் பக்கம் புரோட்டஸ்டன்டு மரபும் பிரிட்டன் மீதான பற்றும் திரண்டன. இவ்விரு அணிகளும் மோதும்போது பந்து மட்டுமா உருளும்? மதமும், அயர்லாந்தின் நெடுங்காலப் பகையும் சேர்ந்தே உருளும். இரு பக்கத்திலும் பகைப் பாட்டுகள் எழும்.

2011-ஆம் ஆண்டு இப்பகை எல்லை மீறியது. மார்ச் 2-ஆம் நாள் நடந்த கோப்பை ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் மூவர் வெளியேற்றப்பட்டனர். ஆட்டம் முடிந்ததும் இரு அணிப் பயிற்சியாளர்களும் திடலோரத்திலேயே சச்சரவிட்டனர். செல்டிக் அணியின் மேலாளரான நீல் லெனனுக்கு வெடிபொருள் போன்று அமைக்கப்பட்ட பொட்டலம் அஞ்சலில் அனுப்பப்பட்டது. மே மாதம் எடின்பரோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்தின்போது, ஒருவன் இருக்கையிலிருந்து இறங்கித் திடலோரத்தில் நின்ற லெனன் மீதே பாய்ந்தான். நாடே தலைகுனிந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அரசு அவ்வாண்டு ஜூன் மாதமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. இரண்டே வாரத்தில் நிறைவேற்றிவிட வேண்டும் என்பது முதல் திட்டம். எதிர்ப்பு எழவே சில மாதம் தள்ளிப்போட்டனர். 2011 டிசம்பர் 14-இல் 64 வாக்குகள் ஆதரவாகவும் 57 எதிராகவும் விழ, மசோதா நிறைவேறியது. 2012 மார்ச் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் சொன்னது என்ன? கால்பந்து ஆட்டத்தையொட்டி, பொது அமைதியைக் குலைக்கத் தூண்டக்கூடிய சில நடத்தைகள் குற்றம் என்றது. மதம், இனம் முதலியவை காரணமாக வெறுப்பை வெளிப்படுத்துவது ஒன்று. அச்சுறுத்துவது ஒன்று. இவற்றை யார் மறுப்பார்? ஆனால் பட்டியலின் கடைசியில், "நியாயமான ஒரு மனிதர் புண்படுத்துவதாகக் கருதக்கூடிய வேறு நடத்தை" என்ற பொருளில் ஒரு தொடரும் சேர்ந்திருந்தது. தண்டனையோ ஐந்தாண்டுச் சிறை வரை செல்லும்.

இன்னும் கேளுங்கள். குற்றம் திடலுக்குள்தான் நிகழ வேண்டும் என்பதில்லை. ஆட்டத்திற்குப் போகும் வழியில் பாடினாலும் குற்றம். திரும்பும் வழியில் பாடினாலும் குற்றம். ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் பொது இடத்தில் பாடினாலும் குற்றமே. அதாவது, நம் தேவராவின் தேநீர்க் கடை கிளாஸ்கோவில் இருந்திருந்தால், அந்தப் பின்பலகை மனிதர் அச்சட்டத்தின் கைக்குள் வந்திருப்பார். இதைப் படித்தபோது, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஆனால் அடுத்த பக்கத்தைப் படித்தபோது மகிழ்ச்சி குறைந்தது.

செல்டிக் ரசிகர் அமைப்புகள் பல ஒன்றுகூடி, மசோதா நிலையிலேயே எதிர்ப்பு இயக்கம் தொடங்கின. 'குற்றவாளியாக்கலுக்கு எதிரான ரசிகர்கள்' என்பது அவ்வியக்கத்தின் பெயரின் பொருள். வந்தேறிகளின் வழித்தோன்றல்கள், மத இழிசொல்லை மூன்று தலைமுறையாகக் கேட்டவர்கள். தங்களைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டத்தை அவர்களே ஏன் எதிர்த்தார்கள்? அவர்கள் வாதங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, இருக்கும் சட்டமே போதும். அமைதியைக் குலைத்தலுக்கு அங்கே பழங்காலச் சட்டம் உண்டு. அச்சுறுத்தும் அல்லது வசைபாடும் நடத்தைக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. குற்றத்தின் பின்னணி மதவெறுப்பு என்றால் தண்டனையைக் கூட்ட 2003-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. திடலில் கலகம் செய்தவனை ஆட்டங்களுக்கு வரவிடாமல் தடுக்க 2006 முதலே வழி உண்டு. கத்தி கையில் இருக்க, இன்னொரு கத்தி எதற்கு?

இரண்டாவது, ரசிகனுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்? ஒரு பாட்டை இசையரங்கில் பாடினால் கலை. ஆட்டமில்லாத நாளில் மதுக்கடையில் பாடினால் பொழுதுபோக்கு. அதே பாட்டைக் கால்பந்துத் திடலில் பாடினால் சிறையா? சொல் குற்றமென்றால் எங்கும் குற்றமாக வேண்டும். ஒரு கூட்டத்தாரின் வாயில் மட்டும் குற்றமாவது, அக்கூட்டத்தாரையே ஐயுறுவதாகாதா?

மூன்றாவதுதான் முதன்மையானது. 'புண்படுத்துவது' என்பதை எதைக்கொண்டு அளப்பது?

இந்த இடத்தில் அறிவியல் மாணவனாகிய எனக்கு என் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்தால் சிவக்கும். நான் நனைத்தாலும் சிவக்கும். நீங்கள் நனைத்தாலும் சிவக்கும். என்னைப் பிடிக்காதவர் நனைத்தாலும் சிவக்கும். அளப்பவர் மாறினாலும் அளவு மாறக்கூடாது என்பதே அளவையின் முதல் விதி. புண்படுத்தும் சொல்லுக்கு அத்தகைய தாள் உண்டா?

இல்லை என்பதை நீதிமன்றங்களே காட்டின. 2012-இல் டிங்வால் என்னும் ஊரில் ஓர் ஆட்டத்தின்போது, ஐரிஷ் விடுதலைப் போராளிகளைப் போற்றும் பாடல்களைப் பாடிய கூட்டத்தில் ஓர் இளைஞர் இருந்தார். கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் அது சட்டத்திற்குள் அடங்கும் குற்றமே என்றது. பாட்டைக் கேட்டுக் கொதிக்கக் கூடியவர் அங்கே இல்லாவிடினும், இருந்திருந்தால் கொதித்திருப்பார் என்று கருத அச்சட்டம் இடங்கொடுத்தது. ஒரே பாட்டு, ஒரே சான்று, இரண்டு தீர்ப்பு. டண்டி நகர நீதிபதி ஒருவரோ, அச்சட்டம் எழுதப்பட்ட விதத்தையே மன்றத்தில் இருந்து எள்ளி நகையாடினார்.

2013 மார்ச் மாதம் கிளாஸ்கோத் தெருவில் ஊர்வலம் போன செல்டிக் இளைஞர்களைக் காவலர்கள் சுற்றி வளைத்தனர். அடுத்த மாதம் நகரின் நடுவே ஜார்ஜ் சதுக்கத்தில் ரசிகர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு கண்டனம் முழங்கினர். மனு எழுதினர், உறுப்பினர்களைச் சந்தித்தனர், வழக்குகளை ஒன்றொன்றாய் நடத்தினர். முடிவில், தொழிற்கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் கெல்லி 2017-இல் நீக்க மசோதாவைக் கொண்டுவந்தார். 2018 மார்ச் 15-இல் 62-க்கு 60 என்ற வாக்கில் அது வென்றது. ஏப்ரல் 20-ஆம் நாள் பழைய சட்டம் மறைந்தது. பின்னர் 2021-இல் ஸ்காட்லாந்து வேறொரு வெறுப்புக்குற்றச் சட்டம் இயற்றியது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதுவும் விவாதத்திற்கு ஆளானதே. ஆயினும் அது கால்பந்து ரசிகரை மட்டும் தனியே பிரித்து நிறுத்தவில்லை.

"அது வெள்ளைக்காரன் கதை; நமக்கென்ன?" என்று கேட்கலாம். நாம் வாழும் இந்தக் கேரளத்திலேயே அதன் இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஸ்காட்லாந்து மசோதா வந்த அதே 2011-இல் கேரளக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 118-ஆம் பிரிவின் (ஈ) உட்பிரிவு, முறைகேடான வகையில் பேச்சாலோ தொலைபேசியாலோ செய்தியாலோ ஒருவருக்கு எரிச்சல் ஊட்டுவதைக் குற்றமாக்கியது. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவோடு இதையும் சேர்த்துச் செல்லாதென்றது. எரிச்சல், புண்படுத்தல் போன்ற சொற்களுக்கு எல்லை வகுக்க முடியாது; ஒருவருக்கு எரிச்சலாவது மற்றவருக்கு ஆகாமல் போகலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். விவாதிப்பது வேறு, வற்புறுத்துவது வேறு, கலகத்திற்குத் தூண்டுவது வேறு. தூண்டும் எல்லையை எட்டினால்தான் சட்டம் கைவைக்கலாம் என்றும் அது தெளிவாக்கியது.

பாடம் மறந்தது போலும். 2020 நவம்பரில் 118-ஏ என்ற புதிய பிரிவு அவசரச் சட்டமாக வந்தது. பெண்களையும் குழந்தைகளையும் இணையவழி வசையிலிருந்து காப்பதே நோக்கம் என்றனர். நல்ல நோக்கந்தான். ஆனால் இழிவுபடுத்துதல், அவமதித்தல் என்று விரிந்த சொற்கள். எந்தத் தொடர்பு முறைக்கும் பொருந்தும் வீச்சு. மூன்றாண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பத்திரிகையாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். ஆளுங்கூட்டணிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஆளுநர் ஒப்பமிட்டதாகச் செய்தி வந்த இரண்டொரு நாளில், நவம்பர் 23-இல், அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று முதலமைச்சரே அறிவித்தார். அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

அப்படியானால் இழிசொல் கேட்டவனுக்குக் காப்பே இல்லையா? உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு, மதம், இனம், பிறந்த இடம், மொழி முதலியவற்றால் மக்கட் பிரிவுகளிடையே பகை வளர்ப்பதைத் தண்டிக்கிறது. 352-ஆம் பிரிவு, அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதிப்பதைத் தண்டிக்கிறது. "தமிழரை அடித்து விரட்டுங்கள்" என்று ஒருவர் கூட்டத்தைத் தூண்டினால் அது தெளிவான குற்றம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டா. ஆனால் கோலடித்த எரிச்சலில் ஒருவர் "பாண்டி" என்றாரே, அது குற்றமா? தவறு, பண்பின்மை, ஐயமில்லை. ஐந்தாண்டுச் சிறைக்குரியதா என்றால், என் ஆத்திரம் தணிந்த பின் நான் ஆம் என்று சொல்லமாட்டேன்.

காரணம் இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பொய்யாகும். ஊரில் கல்லூரியில் பயின்ற நாளில், பக்கத்து ஊர் அணி விளையாட வந்தால் அவர்கள் ஊரையும் தொழிலையும் வைத்து எதுகை மோனையோடு பாட்டுக் கட்டிக் கூவிய கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று அது எங்களுக்கு விளையாட்டு. எதிர்ப்பக்கம் அமர்ந்திருந்த மாணவன் எத்தனை பேர் பாதித் தேநீரோடு எழுந்து போனானோ, நான் எண்ணிப் பார்த்ததில்லை. நான் கேட்ட சட்டம் அன்றிருந்தால் முதல் வரிசையில் நின்றிருப்பவன் நானே. மேலும், எல்லை தெளிவில்லாத சட்டம் கைக்கு வந்தால், அதை ஏந்துவது எண்ணிக்கையில் மிகுந்தவர் கையே. மொழியால் சிறுபான்மையராய் இங்கு வாழும் நாம் அதை மறக்கலாகாது.

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் தண்டனை எதுவும் வகுக்கவில்லை. சில செயல்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும். சில சொற்களைத் தடுக்க அண்டை வீட்டுக்காரன் போதும்.

அடுத்த ஆட்டத்தன்று அதே கடைக்குப் போனேன். அதே மனிதர் இருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், "சேட்டா, அந்தச் சொல் எனக்கு வலிக்கிறது" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "ஆட்டத்தில் எல்லோரும் சொல்வதுதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றும் தொண்டை கிழியக் கத்தினார். நடுவரையும் சென்னை அணியையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆனால் அந்த ஒரு சொல்லை அன்று அவர் சொல்லவில்லை.

நானும் இம்முறை தேநீரை முழுவதும் குடித்தேன்.